மூடில் சைட்ட அழகாக்கப் போய் அப்லோட் லிமிட்ல முட்டி நின்ன கதை

எங்க யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சென்டர்ல நான் கான்ட்ராக்ட் ப்ரோகிராமர். ப்ரோகிராமர்னு ஆர்டர்ல இருக்கு, ஆனா ப்ரின்டர்ல பேப்பர் சிக்கினாலும் எனக்குத்தான் போன் வரும். 2023 மார்ச்ல ஒரு மீட்டிங், நம்ம ஈ-லேர்னிங் சைட்டு பாக்கவே நல்லால்ல, பசங்க யாரும் உள்ள வர்றதில்ல, மே லீவுக்குள்ள புது டிசைன்ல மாத்திக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. பட்ஜெட் எவ்ளோ சார்னு கேட்டேன், டீ வந்துச்சு. அதோட மீட்டிங் முடிஞ்சுது.

சைட்டுன்னா மூடில்தான், பாடம் போட, அசைன்மென்ட் வாங்க காலேஜ்கள்ல வைக்கிற சாஃப்ட்வேர். பெர்த்ல இருந்த மார்ட்டின் டூகியாமாஸ் ஆரம்பிச்சு 2002ல முதல் வெர்ஷன் விட்டது, ஓப்பன் சோர்ஸ், பிஎச்பிங்கிற ப்ரோகிராமிங் மொழில எழுதினது, காசு கிடையாது, அதனாலதான் எங்கள மாதிரி இடத்துல எல்லாம் அது ஓடுது. பசங்க அதுக்கு வச்ச பேரு 'மூடு இல்ல'. எங்ககிட்ட இருந்தது வெர்ஷன் 3.9, 2020 ஜூன்ல வந்தது, கொரோனா டைம்ல அவசர அவசரமா போட்டு விட்டது, அதுக்கப்பறம் யாரும் தொடல. மேல ஒரு ஸ்லைடர் தீம். மெயின் கேட், பட்டமளிப்பு விழா, லைப்ரரின்னு அஞ்சு போட்டோ சுத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொண்ணும் கேமரால எடுத்த சைஸ்லயே ஏத்தி வச்சிருக்காங்க. பஸ்ல நின்னுக்கிட்டு போன்ல ஓப்பன் பண்ற பையனுக்கு லாகின் பட்டன் தெரியறதுக்கு முன்னாடி அவன் டேட்டாவுல பட்டமளிப்பு விழா நடந்து முடிஞ்சிரும்.

நானும் முதல் ரெண்டு வாரம் கலர்லயேதான் போக்கினேன், அத ஒத்துக்கணும். வீட்ல பழைய கம்ப்யூட்டர்ல சைட்ட காப்பி பண்ணி வச்சுக்கிட்டு, நீலமா பச்சையா, கார்டுக்கு ஓரம் வளைவா வேணுமா நேரா வேணுமான்னு எஸ்சிஎஸ்எஸ் (பக்கத்தோட கலர், வடிவம் எல்லாம் சொல்ற கோடு) எழுதிக்கிட்டு இருந்தேன். அப்ப ஒரு மேடம், கணக்கு டிபார்ட்மென்ட், பசங்க அசைன்மென்ட்ட மொத்தமா டவுன்லோட் பண்ணத் தெரியல, பண்ணிக் குடுன்னு கேட்டாங்க. பண்ணேன். சிப் ஃபைல பிரிச்சுப் பாத்தா முக்காவாசி ஃபைல் பேர் ஒரே மாதிரி. ஐஎம்ஜி, தேதி, அப்பறம் கடைசில டபிள்யூஏ0004, டபிள்யூஏ0011ன்னு நம்பர். வாட்ஸ்அப்ல வந்த போட்டோவ ஆண்ட்ராய்டு போன்ல சேவ் பண்ணா அப்படித்தான் பேர் விழும். இவங்க எதுக்கு சொந்த விடைத்தாள வாட்ஸ்அப்ல வாங்கி ஏத்துறாங்க? காப்பி அடிக்கிறாங்கன்னுதான் முதல்ல நெனச்சேன், ஆனா கையெழுத்து எல்லாம் வேற வேறயா இருந்துச்சு.

மறுநாள் சென்டருக்கு வந்த ஒரு செகண்ட் இயர் பையன புடிச்சு கேட்டேன். அவன் சர்வ சாதாரணமா சொல்றான், "சார், கேமரால எடுத்தா 4 எம்பி வருது, சைட்டு ஏத்தாது. அத ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, அவன் திருப்பி எனக்கு அனுப்புவான், அப்ப சின்னதாயிரும், அத ஏத்திருவோம்." அப்ப ஆறு பக்கம் எழுதினா? ஒரு ஆப் இருக்காம், ஆறு போட்டோவையும் ஒட்டி ஒரே படமாக்கும். ஏன்னா மேடம் ஒரே ஒரு ஃபைல்தான் போடலாம்னு செட் பண்ணி வச்சிருக்காங்க. மேடத்துக்குப் போய்ச் சேர்றப்ப அது ஆறு பக்கத்த ஒரு போஸ்ட் கார்டுல அச்சடிச்ச மாதிரி இருக்கும். அவங்களும் ரெண்டு வருஷமா கண்ண இடுக்கி திருத்திக்கிட்டு இருந்திருக்காங்க, யாருமே சென்டருக்கு ஒரு லெட்டர் கூட எழுதல. பசங்களுக்கு வழி கெடச்சிருச்சு, மேடத்துக்கு கண்ணாடி பவர் ஏறிருச்சு, அவ்ளோதான்.

அன்னிக்கே கலர் வேலைய மூட்டை கட்டிட்டு இந்த லிமிட் எங்க இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். ஒரு இடத்துல மாத்தினா போச்சுன்னு நெனச்சா அது நாலு கதவு. முதல் கதவு பிஎச்பி, அதுல ஒரு ஃபைலுக்கு டீஃபால்ட் 2 எம்பிதான், மொத்த போஸ்ட்டுக்கு 8 எம்பி. எங்க சர்வர்ல அப்படியே விட்டிருந்தாங்க. அத 32, 40னு ஏத்தினேன் (மொத்த போஸ்ட் லிமிட் ஃபைல் லிமிட்ட விட பெருசா இருக்கணும், ரெண்டும் ஒண்ணா வச்சா எல்லைல இருக்கிற ஃபைல் விழுந்துரும்). மூடில்லயும் இப்ப 32 எம்பின்னு காட்டுச்சு, ஆஹான்னு 5 எம்பி ஃபைல் ஒண்ண ஏத்தினா ஏறல, அந்தச் சின்ன பெட்டிக்குள்ள புரியற மாதிரி ஒரு எர்ரரும் வரல. அரை நாள் போச்சு. கடைசில பாத்தா ரெண்டாவது கதவு, மூடிலுக்கு முன்னாடி நிக்கிற என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர், அதுக்கு டீஃபால்ட் 1 எம்பி, அதுக்கு மேல போனா 413ங்கிற எர்ரர் நம்பரோட திருப்பி அனுப்பிரும். அப்ப யோசிச்சுப் பாருங்க, இத்தனை நாளா மூடில் ஸ்க்ரீன்ல 2 எம்பி வரைக்கும் ஏத்தலாம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, உண்மைல 1 எம்பிதான் போயிருக்கு. ஒன்றரை எம்பி ஃபைலோட வந்த பொண்ணு ஸ்க்ரீன நம்பி திரும்பத் திரும்ப அமுக்கிக்கிட்டே இருந்திருக்கும்.

மூணாவது கதவு கோர்ஸ். கோர்ஸ் உருவாக்கினப்பவே அதுக்குள்ள ஒரு லிமிட் எழுதி வச்சிருப்பாங்க, சர்வர்ல ஏத்தினாலும் அது அப்படியே நிக்கும். நாலாவது அசைன்மென்ட்டுக்குள்ளயே தனியா ஒரு லிமிட், ப்ளஸ் எத்தனை ஃபைல்ங்கிற கணக்கு. கோர்ஸ் லிமிட்ட மொத்தமா ஒரு சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச அட்டவணை ஃபைல்) வச்சு மாத்திட்டேன். அசைன்மென்ட்டுக்குள்ள இருக்கிறத மட்டும் வாத்தியாருங்க செட் பண்ணது, நான் டேட்டாபேஸ்ல கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டு, புதுசா போடறதுக்கு டீஃபால்ட்ட 20 எம்பி, 10 ஃபைல்னு வச்சேன்.

நடுவுல ஒரு விஷயம், சொல்லலாமா வேணாமான்னு தெரியல. மூடில் ஃபைல அதோட பேர்ல சேமிக்காது, உள்ளடக்கத்த எஸ்எச்ஏ1 ஹேஷ் போட்டு (ஃபைலுக்கு ஒரு கைரேகை மாதிரி) அந்த ஹேஷ்தான் பேரு, ஒரே ஃபைல நூறு பேர் ஏத்தினாலும் டிஸ்க்ல ஒண்ணுதான் இருக்கும். டபிள்யூஏ ஃபைல் எத்தனைன்னு எண்ணறதுக்கு டேட்டாபேஸ்ல ஒரு க்வெரி போட்டேன், அதுல ஹேஷையும் சேத்துப் போட்டுட்டேன். ஒரே ஹேஷ், வேற வேற ரெஜிஸ்டர் நம்பர். நாலஞ்சு ஜோடி. திருப்பி அனுப்பச் சொன்னா அந்த ஃப்ரெண்டு தன்னோடதையும் சேத்து அனுப்பியிருப்பான் போல. நான் விண்டோவ மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

அடுத்தது பசங்க பக்கத்துல உக்காந்து பாக்கறது. அஞ்சு பேர வச்சு டெஸ்ட் பண்ணாலே பெரும்பாலான குறை வெளிய வந்துரும்னு ஜேக்கப் நீல்சன் 2000ல எழுதினது ஒண்ணு இருக்கு, அத நம்பி அஞ்சு பேர். டீ, சமோசா என் செலவு. அவங்கவங்க போன்லயே, ஒரு அசைன்மென்ட் ஏத்துங்கன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிட்டேன். வாய மூடறதுதான் கஷ்டம், "அந்தப் பக்கம் அமுக்கும்மா"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துரும்.

எண்ணிக்கிட்டே வந்தேன். லாகின், டாஷ்போர்டு, கோர்ஸ், கீழ வரைக்கும் ஸ்க்ரோல், அசைன்மென்ட், ஆட் சப்மிஷன், அப்பறம் ஒரு பெட்டி வரும், ஃபைல இழுத்து இங்க போடுங்கன்னு அம்புக்குறியோட. போன்ல எங்கருந்து எதை இழுக்கறது? ஒரு பொண்ணு நிஜமாவே விரல வச்சு ஸ்க்ரீன இழுத்துப் பாத்துச்சு. அந்தப் பெட்டிக்கு மேல குட்டியா ஒரு ஐகான் இருக்கும், அதத் தொட்டா ஃபைல் பிக்கர் வரும், அதுல இடது பக்கம் ஒரு லிஸ்ட், சர்வர் ஃபைல்ஸ், ரீசன்ட் ஃபைல்ஸ், அப்லோட், யூஆர்எல் டவுன்லோடர், ப்ரைவேட் ஃபைல்ஸ், விக்கிமீடியா. ஒரு பையன் விக்கிமீடியாவுல போயி தேடற கட்டத்துல 'அசைன்மென்ட் 2'ன்னு அடிச்சுட்டு ரொம்ப பொறுமையா காத்திருந்தான். அவனப் பாத்து சிரிக்க முடியல, தேடு-ன்னு போட்டிருந்தா தேடத்தானே செய்வாங்க. அப்பறம் சூஸ் ஃபைல், ஃபைல், அப்லோட் திஸ் ஃபைல், சேவ் சேஞ்சஸ்.

இத்தோட முடிஞ்சுதுன்னுதான் அஞ்சு பேரும் போன கீழ வச்சாங்க. முடியல. அதுக்கப்பறம் சப்மிட் அசைன்மென்ட்னு இன்னொரு பட்டன், அதுக்கும் மேல நிச்சயமான்னு ஒரு கேள்வி. அஞ்சுல நாலு பேரோடது 'ட்ராஃப்ட், நாட் சப்மிட்டட்'லயே நின்னுருச்சு. இன்டர்னல் மார்க்ல ஆப்சென்ட் விழுந்து "சத்தியமா ஏத்தினேன் சார்"னு சென்டர் வாசல்ல வந்து நின்ன பசங்க மூஞ்சி எல்லாம் அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நானே ரெண்டு பேர திட்டி அனுப்பியிருக்கேன். அவங்க சொன்னது பொய் இல்ல, ஏத்தியிருக்காங்க, கடைசிப் பட்டன அமுக்கல. அந்த கடைசிப் பட்டன் மூடில்ல டீஃபால்ட்டா இருக்கறது கூட இல்ல, அசைன்மென்ட் செட்டிங்ல ஆமான்னு வச்சாத்தான் வரும். யாரோ 2020ல ஒரு மாதிரி கோர்ஸ் பண்ணி அதுல ஆமான்னு வச்சிருக்காங்க, மத்த எல்லாரும் அத காப்பி பண்ணிக்கிட்டே போயிருக்காங்க. மாதிரி கோர்ஸ்ல இல்லன்னு மாத்தி, எல்லா எச்ஓடிக்கும் சர்குலர் போட்டேன். ஃபைல் பிக்கர்ல அப்லோடும் ப்ரைவேட் ஃபைல்ஸும் தவிர மத்தத ஆஃப் பண்ணேன், அது அட்மின் பக்கத்துல ரெண்டு நிமிஷ வேலை, மூணு வருஷமா யாரும் பண்ணல, என்னையும் சேத்துத்தான்.

கோர்ஸ் பேருங்க தனி ரகம். கோர்ஸ் கோடு, 'கோர் கோர்ஸ் 8', வருஷம், ஆட் செமஸ்டர், செக்‌ஷன், சாரோட பட்டங்களோட முழுப் பேர், இத்தனைக்கும் நடுவுல எங்கயாவது 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்'னு இருக்கும். போன்ல கார்டு அகலத்துக்கு மேல போறது வெட்டிரும், அதனால ஒரு பையன் டாஷ்போர்டுல ஆறு கார்டுலயும் கோடு நம்பரும் கோர்னும் மட்டும்தான் தெரியும். அவங்க கார்டு படத்த வச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க, "அந்த ஊதா கட்டம் போட்டது ஓஎஸ் சார், பச்சை வட்டம் மேத்ஸ்". படம் போடாத கோர்ஸுக்கு மூடில் தானா போடற டிசைன் அது! நான் அத அழிச்சுட்டு அழகா போட்டோ வைக்கலாம்னு ப்ளான் பண்ணி வச்சிருந்தேன், நல்ல வேளை கேட்டேன்.

பேர மாத்தறதுக்கு சிஎஸ்வி அப்லோட் இருக்கு, இருக்கிற கோர்ஸ மட்டும் அப்டேட் பண்ணுன்னு சொல்லிட்டா ஷார்ட் நேம வச்சு கண்டுபிடிச்சு மாத்திரும். பாடத்தோட பேர் முதல்ல, செக்‌ஷன் அடுத்து, கோடு ஷார்ட் நேம்ல, வருஷம் கேட்டகிரில. தமிழ் டிபார்ட்மென்ட்டுக்கு தமிழ்லயே வைக்கலாம்னு 'சங்க இலக்கியம்', 'ஒப்பிலக்கியம்'னு அடிச்சு எக்செல்ல சேவ் பண்ணி ஏத்துனேன், ப்ரிவ்யூவப் பாக்காம அவசரத்துல ஓகே குடுத்துட்டேன். தமிழ்த்துறை மொத்தமும் கேள்விக்குறி ஆயிருச்சு. ஒரு கோர்ஸ் பேர் எட்டு கேள்விக்குறி, இன்னொண்ணு பதினொண்ணு. சாதா சிஎஸ்வின்னு சேவ் பண்ணா எக்செல் தமிழ தின்னுரும், யூடிஎஃப்-8 சிஎஸ்வின்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுலதான் சேவ் பண்ணணும். தெரிஞ்ச விஷயந்தான், தெரிஞ்சவனுக்கே நடந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் துறைத்தலைவர் ஐயா போன் பண்ணி, "தம்பி, எங்க துறை மேல இவ்வளவு சந்தேகமா உங்களுக்கு?"ன்னு கேட்டாரு.

அதே சிஎஸ்வில முடிவு தேதிக்கும் ஒரு காலம் (நெடுவரிசை) சேத்தேன், இந்த மொத்த வேலைலயும் உழைப்பு கம்மி, பலன் ஜாஸ்தின்னா அதுதான். எங்க கோர்ஸ் எதுக்குமே முடிவு தேதி இல்ல, அதனால ஃபைனல் இயர் பொண்ணுக்கு முதல் செமஸ்டர் இங்கிலீஷ்ல இருந்து எல்லாமே நடப்புல இருக்கிற மாதிரி முப்பது கார்டு. தேதி போட்டதும் பழசெல்லாம் 'பாஸ்ட்'டுக்குப் போயிருச்சு, 'எல்லாம்'ங்கிற ஃபில்டரையும் எடுத்துட்டேன், இப்ப ஆறு கார்டு.

லாகின் பத்தி சுருக்கமா. பாஸ்வேர்டுக்கு பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், குறி எல்லாம் வேணும்ங்கிற டீஃபால்ட்ட எடுத்துட்டு நீளத்த 10 ஆக்கினேன். இன்னொண்ணு கொஞ்சம் முக்கியம். பசங்க டாஷ்போர்டு வழியா வர்றதே இல்ல, சார் வாட்ஸ்அப் குரூப்ல போடற லிங்க்லதான் வர்றாங்க. மூடில்ல அந்த மாதிரி லிங்க தொட்டா லாகின் கேட்டுட்டு நேரா அந்தப் பக்கத்துக்கே கொண்டு போய் விடும், ஆனா ஸ்லைடர் தீமோட சேத்து யாரோ பண்ணிக் குடுத்த லாகின் பக்கம் அத மறந்துட்டு எல்லாரையும் டாஷ்போர்டுக்கே தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அத தூக்கிட்டு மூடிலோட சொந்த லாகின் பக்கத்தையே வச்சேன். வாட்ஸ்அப்தான் எங்க முன்வாசல், அத ஒத்துக்கிட்டா பாதி வேலை மிச்சம்.

மே லீவுல அப்கிரேட். 3.9ல இருந்து நேரா 4.1க்கு போகலாம், 2022 நவம்பர்ல வந்தது, லாங் டெர்ம் சப்போர்ட்னு ரொம்ப நாளுக்கு அப்டேட் குடுத்த வெர்ஷன். பிஎச்பி 7.4 வேணும், டேட்டாபேஸ் மரியாடிபி 10.4 வேணும், எங்ககிட்ட ரெண்டும் பழசு, அதனால முதல்ல அத ஏத்தி, பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்ப வீட்டுக் கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி நிஜமா ஓடுதான்னு பாத்து (எடுத்ததோட விட்டா அது பேக்கப் இல்ல, நம்பிக்கை), ஒரு சனிக்கிழமை ராத்திரி மெயின்டனன்ஸ் மோட் போட்டு ஓட்டினேன். யார் எப்ப என்ன பண்ணாங்கன்னு பதியற லாக் டேபிள் பெருசா இருந்ததால அது மட்டும் ரொம்ப நேரம் இழுத்துச்சு. ஸ்லைடர் தீம் 4.1ல வேலையே செய்யல, பக்கம் வெள்ளையா வந்துச்சு. மனசுக்குள்ள ஒரே சந்தோஷம். அத எடுக்கணும்னு நான் கேட்டிருந்தா ஆறு மீட்டிங் ஆகியிருக்கும், இப்ப "சப்போர்ட் இல்ல சார்"னு ஒரே வரி. மூடிலோட பூஸ்ட் தீமுக்குக் கீழ சைல்டு தீம் ஒண்ணு, அதுல லோகோ, எங்க கருநீலம், கொஞ்சம் பெரிய எழுத்து. பழைய தீம்ல வெள்ளைல வெளிர் ஆரஞ்சு எழுத்து, வெயில்ல படிக்கவே முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 காண்ட்ராஸ்ட் வேணும்கிறது டபிள்யூசிஏஜி (எல்லாரும் படிக்கிற மாதிரி வெப்சைட் பண்றதுக்கான வழிகாட்டி) கணக்கு, அதுக்குக் கீழ எதையும் விடல. அவ்ளோதான் என் கலர் டிசைன், ரெண்டு வாரம் எழுதின எஸ்சிஎஸ்எஸ்ல மிஞ்சினது முப்பது வரி.

பசங்க ஒரு வார்த்தை சொல்லல, வந்தாங்க, ஏத்துனாங்க, போனாங்க. வாத்தியாருங்கதான். 3.9ல பல்சக்கரத்த தொட்டு 'டர்ன் எடிட்டிங் ஆன்' அமுக்கிப் பழகினவங்க, 4ல அது மேல வலது மூலைல ஒரு ஸ்விட்ச் ஆயிருச்சு. ஜூன் கடைசில ஒரு வாரம் என் போன் அணையவே இல்ல, "தம்பி, எடிட்டிங்க எங்க ஒளிச்சு வச்சீங்க". வலது பக்க ப்ளாக் எல்லாம் இப்ப ஒரு ட்ராயருக்குள்ள போயிருச்சா, அதையும் காணோம்னு தேடினாங்க. கடைசில ஒரு ஏ4 பேப்பர்ல ஸ்க்ரீன் படம் போட்டு, ரெண்டு அம்புக்குறி சிவப்புல வரைஞ்சு, எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் ஒட்டிட்டு வந்தேன். நாலு மாசமா நான் செஞ்ச டிசைன்லயே பாராட்டு வாங்கினது அந்தப் பேப்பர் ஒண்ணுதான்.

தமிழ்ல மாத்தலாம்னு தமிழ் லாங்வேஜ் பேக்கையும் போட்டுப் பாத்தேன், பாதி தமிழ் பாதி இங்கிலீஷா கலந்து வந்துச்சு, பசங்களும் "சமர்ப்பிப்புன்னா என்ன சார், பயமா இருக்கு"ன்னாங்க. அதனால இங்கிலீஷ்லயே விட்டுட்டு, லாங்வேஜ் கஸ்டமைசேஷன்ல பத்து பன்னெண்டு வரிய மட்டும் மாத்தினேன். இழுத்துப் போடுங்கங்கிற இடத்துல 'மேல இருக்கிற ஐகானத் தொட்டு உங்க விடைத்தாள ஏத்துங்க'ன்னு. ஆந்திராவுல இருந்து வந்த ஒரு சார், எனக்கு இது படிக்க வரலன்னு சொன்னாரு, அது நியாயம், கீழ இங்கிலீஷ்லயும் ஒரு வரி சேத்தேன்.

ஆகஸ்ட்ல முதல் இன்டர்னல் முடிஞ்சதும் அதே க்வெரிய திரும்பப் போட்டேன். ட்ராஃப்ட்ல நிக்கிறது பழைய அசைன்மென்ட்ட அப்படியே காப்பி பண்ண ரெண்டு கோர்ஸ்ல மட்டும் இருந்துச்சு. ஆனா டபிள்யூஏ ஃபைல்? இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. முன்ன மாதிரி இல்ல, ஆனா இருக்கு. அந்த செகண்ட் இயர் பையன் இப்ப தேர்ட் இயர், அவனோடதும் அதுல ஒண்ணு. கூப்பிட்டுக் கேட்டேன், ஏன்டா இப்பத்தான் 20 எம்பி வரைக்கும் ஏறுமே. "தெரியும் சார். எங்க ஊர்ல சிக்னல் ஒரு கட்டைதான் இருக்கும், 20 எம்பி ஏத்தறதுக்குள்ள விடிஞ்சிரும். டெய்லி டேட்டா ஒன்றரை ஜிபில தங்கச்சிக்கும் ஹாட்ஸ்பாட் போடணும்." நாலு கதவையும் திறந்து வச்சேன், தெருவப் பாக்கல.

இப்ப போன்ல இருக்கிற ப்ரௌசர்லயே போட்டோவ சின்னதாக்கி அனுப்பற மாதிரி ஒரு ப்ளகின் எழுதிக்கிட்டு இருக்கேன். அகலம் 1600 பிக்சல் வச்சா பேனாவுல எழுதினது நல்லா தெரியுது, சைஸும் நல்லாவே கொறையுது. பென்சில்ல போட்ட க்ராஃப்தான் மங்கிப் போகுது. கணக்கு மேடத்துகிட்ட ரெண்டு சாம்பிள் குடுத்திருக்கேன், கண்ணாடி போட்டுப் பாத்து சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.